நூறு சதவீதம் காட்டிய பேட்டரி

சுகன்யா எலெக்ட்ரிக் பைக்கைக் கடை வாசலில் நிறுத்தி, ஸ்டாண்டை ஓங்கி ஓர் உதை உதைத்தாள். மெக்கானிக் வேணுகோபால் கையிலிருந்த டியூபைத் தண்ணீர்த் தொட்டியிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"இத ஏரியில தள்ளட்டுமா, கொளுத்தட்டுமா? நீங்களே சொல்லுங்கண்ணே."

அவள் எரிச்சலில் நியாயம் இருந்தது. செய்யார் தொழிற்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் மூன்று வருஷமாக ட்ரெயினி என்ற பெயரில் காலம் தள்ளிக்கொண்டிருக்கிறாள். இந்த ஜூலைக் கடைசியில் வேலை நிரந்தரமாகிறவர்கள் பட்டியல் வருகிறது. மூன்று முறை லேட்டாக வந்தவர்கள் பெயர் அதில் இருக்காது. இவளுக்கு இரண்டு ஆகிவிட்டது. இரண்டுக்கும் காரணம் இந்த வண்டி. ஷோரூமுக்கு நாலு நடை நடந்தாயிற்று. அவர்கள் ஓட்டிப் பார்த்தால் மட்டும் சொன்னபடி நூற்றுப் பத்து கிலோமீட்டர் சமர்த்தாக ஓடுகிறது. "நீங்க முறுக்குற முறுக்குக்கு எந்த பேட்டரி மேடம் தாங்கும்?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

கடை பெஞ்சில் பார்சுவநாதன் உட்கார்ந்திருந்தார். மின்வாரியத்தில் முப்பது வருஷம் மீட்டர் திருட்டைப் பிடித்து ஓய்வு பெற்றவர். வேணுகோபாலுக்கு அவர் சொன்னால் சொன்னதுதான்.

"சார், கேஸ் வந்திருக்கு!" என்றார் வேணுகோபால், ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி.

"முதல்ல அந்தம்மா உக்காரட்டும். எந்தெந்த நாள் நின்னுச்சும்மா?"

"மே இருபத்தாறு, ஜூன் இருபத்தஞ்சு. கம்பெனிக்கு நாற்பது கிலோமீட்டர் சார். ரெண்டு நாளும் கிளம்பறப்போ நூறு சதவீதம் காட்டுச்சு. முப்பத்திரண்டு கிலோமீட்டர்ல, ஒரே ஏரிக்கரைகிட்ட, பொசுக்குனு அணைஞ்சிடுச்சு. டீக்கடையில கெஞ்சி சார்ஜ் போட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒண்ணரை மணி நேரம். நூறு ஆயிடுச்சு."

"வீட்டுல?"

"இதே சார்ஜர்தான். காலியா இருந்தா நாலு மணி நேரம் ஆகும்." சொல்லும்போதே அவளுக்குச் சலிப்பு தட்டியது. இதையெல்லாம் ஷோரூமிலும் ஒப்பித்தாயிற்று.

"சாயங்காலம் எப்படித் திரும்பினே?"

"மறுபடி நிக்குமோன்னு பயந்துகினே முப்பத்தஞ்சு ஸ்பீடுல ஓட்டினேன். நிக்கவேயில்ல. வீடு வரைக்கும் வந்துடுச்சு. கம்பெனியில சார்ஜ் போடவும் வழியில்ல. ஒருநாள் தீப்பொறி பறந்துச்சுன்னு அந்தப் பாயின்டையே மூடிட்டாங்க."

வேணுகோபால் துள்ளினார். "ஹவுஸ் ஓனர் ராமதாஸ் வேலைதான் சார்! மாடிப்படிக்குக் கீழ சார்ஜ் போட்டா அந்த ஆளு தினமும் பேஜார் பண்றாரு."

"இல்லண்ணே, எனக்கு எங்க கம்பெனி பிரமிளா மேலதான் சந்தேகம். அவளும் அந்தப் பட்டியலுக்குத்தான் காத்துகினு இருக்கா."

பார்சுவநாதன் எதற்கும் தலையாட்டவில்லை. சீட்டைத் தூக்கச் சொல்லி, பேட்டரி உட்காரும் குழியை விரலால் தடவினார். விரலில் குங்குமம் ஒட்டியது.

"ஆயுத பூஜைக்கு வச்சதா இருக்கும் சார்" என்றார் வேணுகோபால்.

"வண்டி எப்பம்மா வாங்கினே?"

"தை மாசம் சார்."

"அப்புறம் ஆயுத பூஜை இன்னும் வரலியே வேணு."

வேணுகோபால் தலையைச் சொறிந்தார். பார்சுவநாதன் எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"ஜெயவேல்னு பேரு. பட்டுத் தறி. முள்ளிப்பட்டுக்குப் பாவு, ஊடை நூல் வாங்கப் போய் வர அவருக்கும் இதே எலெக்ட்ரிக் வண்டிதான். வாங்கி நாலு வருஷமாச்சு."

"நீ லேட்டானது அவருக்குத் தெரியுமா?"

சுகன்யாவின் முகம் இறுகியது. "தெரியாது. சொன்னா, இவ்ளோ கஷ்டம் எதுக்கு, வேலைய விட்டுடுன்னுவாரு."

"சரி. வியாழக்கிழமை விடியக்காலம் அஞ்சு மணிக்கு உன் வீட்டுக்கு வரோம். வாரன்டி அட்டையை எடுத்து வை. அன்னிக்குத்தான் மூணாவது தடவை நிக்கப்போவுது."

"எப்படி சார் சொல்றீங்க?"

"அன்னிக்கு ஆடி அமாவாசை. அந்த ரெண்டு நாளும் அமாவாசைதான்."

"அமாவாசைக்கும் பேட்டரிக்கும் என்ன சார் சம்பந்தம்?" சுகன்யா வெடித்தாள். "ஷோரூம்ல என் கையக் குத்தம் சொல்றாங்க, நீங்க கிரகத்தக் குத்தம் சொல்றீங்க!"

"நிச்சயமாத் தெரியாம ஒருத்தர் பேரைச் சொல்லக் கூடாதும்மா. வியாழக்கிழமை வரைக்கும் பொறு" என்று அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சமணர்; இருட்டுவதற்குள் சாப்பிட்டாக வேண்டும் அவருக்கு. சுகன்யா வேணுகோபாலை முறைத்தாள். வேறு யாரை முறைப்பது?

வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்கு வேணுகோபால் டார்ச்சும் கையுமாக வந்துவிட்டார். பின்னாலேயே பார்சுவநாதன். பல் துலக்கிக்கொண்டிருந்த ராமதாஸ், வாயில் நுரையோடு, "என்னய்யா ரெய்டா?" என்றார்.

வண்டியை இயக்கியதும் நூறு சதவீதம் என்று பளிச்சென்று காட்டியது. வேணுகோபால் பேட்டரியை வெளியே தூக்கிக் கவிழ்த்து, அடியில் இருந்த எண்ணை உரக்கப் படித்தார். சுகன்யா அட்டையைப் பார்த்தாள். ஓர் எண்கூட ஒத்துவரவில்லை.

"இது என் பேட்டரியே இல்ல!"

"இல்லைதான்" என்றார் பார்சுவநாதன். "அன்னிக்கு நீ பேசும்போதே தெரிஞ்சுது. ஒரே சார்ஜர். வீட்டுல நாலு மணி நேரம், டீக்கடையில ஒண்ணரை மணி நேரம். குடம் சின்னதா இருந்தாத்தான் சீக்கிரம் நிரம்பும். வயசான பேட்டரிக்குக் கொள்ளளவு பாதியாயிடும். ஆனா அந்தப் பாதி நிரம்பினாலும் நூறுன்னுதான் காட்டும். மெதுவா ஓட்டினா தாக்குப் பிடிக்கும். அறுபதுல விரட்டினா நடுவழியில விட்டுடும். ரெண்டும் உனக்கு நடந்திருக்கு."

"அப்ப மறுநாள் ஷோரூம்ல எப்படி சார் ஓடுச்சு?" என்றார் வேணுகோபால்.

"மறுநாள் அவளோட பேட்டரியே திரும்பி வந்துடுச்சு. ஒருத்தர் ஒரு நாளைக்கு மட்டும் மாத்தறார். பிரமிளாவுக்கு இந்த வீட்டுச் சாவி கிடையாது. ராமதாஸ்கிட்ட வண்டியே கிடையாது. இதே மாதிரி பழைய பேட்டரியும், ரெண்டு வண்டிச் சாவியும், அமாவாசையில ஓய்வும் யாருக்கு இருக்கு? அமாவாசைன்னா இந்த ஊர்ல தறி ஓடாது. குங்குமக் கையோட நூறு கிலோமீட்டருக்கு மேல போய் வர்ற இடம்னா, அமாவாசைக்கு அது மேல்மலையனூர் அம்மன் கோயில்தான்."

சுகன்யா திரும்பினாள். குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு, எலுமிச்சம்பழப் பையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் ஜெயவேல் நின்றிருந்தார்.

"நீங்களா?"

"நின்னுடும்னு எனக்குத் தெரியாது சுகன்யா." அவர் குரல் உள்ளே போயிருந்தது. "நான் நாற்பதுலதான் ஓட்டுவேன், அறுபது கிலோமீட்டர் வரும். உனக்குப் போக நாற்பதுதானே, கம்பெனியில நீ சார்ஜ் போட்டுக்குவேன்னு நெனச்சேன். பஸ்ல போனா நீ வர்றதுக்குள்ள திரும்ப முடியாது. வேண்டுதல வெளிய சொன்னா பலிக்காதுன்னாங்க."

"அந்தப் பாயின்ட மூடி மூணு மாசமாவுது! ரெண்டு தடவ நடுரோட்டுல நின்னேன். இன்னிக்கும் நின்னிருந்தா வேலையே போயிருக்கும். அப்படி என்ன பொல்லாத வேண்டுதல்?"

"உனக்கு வேல பர்மனென்ட் ஆவணும்னு. மூணு அமாவாசை வரேன்னு வேண்டிகினேன்."

ராமதாஸ் நுரையை விழுங்கிவிட்டார்.

சுகன்யாவுக்குக் கத்துவதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் சேர்த்தே செய்தாள். இரண்டு மாதமாக விழுங்கிய வசவுகள், டீக்கடைக் கெஞ்சல், சூப்பர்வைசர் பார்த்த பார்வை எல்லாம் வெளியே வந்தன. ஜெயவேல் தலை குனிந்து கேட்டுக்கொண்டார்.

"இவ்ளோ நடந்திருக்கு, ஒரு வார்த்த சொல்லலியே நீ."

"சொன்னா வேலைய விடச் சொல்லுவீங்க."

"விடச் சொல்றவன் எதுக்கு மலையனூருக்கு அலையறேன்?"

பார்சுவநாதன் குடையை எடுத்துக்கொண்டார். "ஜல்தியா மாத்துப்பா" என்று வேணுகோபாலிடம் மட்டும் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.

பேட்டரி மாறியது. ஜெயவேல் பையோடு ஒதுங்கி நிற்க, சுகன்யா ஹெல்மெட்டை மாட்டினாள்.

"ஏறுங்க. பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டுப் போறேன். மூணாவது அமாவாசைய அரைகுறையா விட வேணாம்."

பேருந்து நிலையத்தில் அவர் இறங்கியபோதும் அவளுக்குக் கோபம் முழுசாக ஆறியிருக்கவில்லை.

"வேலைய நான் பாத்துக்கறேன். எதுவா இருந்தாலும் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுச் செய்யற புத்திய உங்களுக்குக் குடுக்கச் சொல்லி வேண்டிக்குங்க."

"உனக்கும் சேத்தே வேண்டிக்கறேன்" என்றார் ஜெயவேல்.

ஷிஃப்ட் ஆரம்பிக்க இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. சுகன்யா வண்டியைச் செய்யார் ரோட்டுக்குத் திருப்பினாள்.