திருப்பாத தட்டு

நெஸ்தோர் இதை, சக டிரைவரான என்னிடம், போலந்தில் ஒரு லாரி நிறுத்துமிடத்தில் சொன்னான். எந்த வரிசையில் சொன்னான் என்பது எனக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. மழை பெய்ததென்று அவன் சொன்னானா, மணிலாவுக்குத் தெற்கே எங்கள் பக்கம் எப்போதும் மழைதானே என்று நானே சேர்த்துக்கொண்டேனா? சில இடங்களைச் சொல்லாமல் தாண்டிப் போனான். அந்த இடங்களை நான் நிரப்பியிருக்கக்கூடும். லாரி சீட்டைப் பற்றியும் தட்டைப் பற்றியும் சொன்னது மட்டும் அவன் சொன்னபடியே என்னிடம் இருக்கிறது.

அவன் ஓட்டிய கொப்பரை லாரியில் கிளீனர் கிடையாது. காலியாகக் கிடந்த கிளீனர் சீட்டின் ஸ்பிரிங் பதினோரு வருடமாகக் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. சின்னப் பள்ளமோ பாலத்தின் இணைப்போ, எதில் ஏறினாலும் ஒரு கிறீச். யாராவது உட்கார்ந்தால்தான் அடங்கும். அன்று மாலை நான்கு மணிக்குக் கலவாக்கைத் தாண்டி மூன்றாவது பாலத்தில் ஏறியபோது, முந்தைய இரண்டு பாலங்களிலும் அந்தச் சத்தம் வரவில்லை என்பது அவனுக்கு உறைத்தது. மூன்றாவதிலும் வரவில்லை. மழையில் துருப்பிடித்து இறுகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

செல்சோவின் உடலைப் பார்த்துவிட்டு அவன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். இருவரும் ஒரே முதலாளியிடம் லாரி ஓட்டியவர்கள். அலுத்துப்போய் ஒரே நாளில் போலந்து வேலைக்கு மனுப் போட்டவர்கள். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் கை நீட்டும் ஆளுக்குச் சிரித்துக் காட்ட வேண்டும். கொப்பரை நனைந்தால் டிரைவரின் குற்றம், காய்ந்தால் முதலாளியின் சாமர்த்தியம். இதைச் சொல்லிச் சொல்லியே இருவரும் நண்பர்களானார்கள். செல்சோவுக்கு இரண்டு வருடம் முன்பே விசா வந்தது. நெஸ்தோருக்கு அப்போது வரவில்லை.

செல்சோ கிளம்பிய நாளில் குமாகாவில் நெஸ்தோர் வீட்டில்தான் விருந்து. பாதிச் சாப்பாட்டில் வேன் வந்து ஹாரன் அடித்தது. சாப்பாட்டின் நடுவே ஒருவர் பயணம் கிளம்பினால், மேசையில் இருப்பவர்கள் தங்கள் தட்டை ஒரு சுற்று திருப்பி வைப்பது எங்கள் வழக்கம். போகிறவர் முழுசாகத் திரும்பி வருவதற்காக. எல்லோரும் திருப்பினார்கள், சிரித்துக்கொண்டே, ஒன்பது தட்டுகள். நெஸ்தோர் மட்டும் தன் தட்டின் விளிம்பில் இரண்டு விரலை அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மறதி இல்லை. அதை என்னிடம் இரண்டு முறை சொன்னான். செல்சோ வாசலில் நின்று அந்த விரல்களைப் பார்த்தான். "என்ன மச்சான், கை ஒட்டிக்கிச்சா?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

இந்த மழை நாளுக்கு ஒரு வாரம் முன்பு செல்சோ பெட்டியில் வந்தான். லாரிக்குள் படுக்கையிலேயே மூச்சு நின்று, இரண்டு நாள் கழித்துத்தான் யாரோ கண்ணாடியைத் தட்டியிருக்கிறார்கள்.

கலவாக்கில் அவன் வீட்டு முன்னறையில் சவப்பெட்டியின் கண்ணாடிக்குக் கீழே முகம் நன்றாகத்தான் இருந்தது, பசை தடவி வாரிய தலையோடு. வாசலில், எங்கள் துக்க வீட்டு வழக்கப்படி, சீட்டாட்டமும் காப்பியும் பிஸ்கட்டும். செல்சோவின் மனைவி லூர்தெஸ், அன்றைய விருந்துக்கு வராதவள், நெஸ்தோரைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். வெகுநேரம் கழித்து, அழாமல், சாதாரணமாகக் கேட்டாள்.

"அன்னைக்கு உங்க வீட்டுல எல்லாரும் தட்டத் திருப்பினீங்கதானே?"

"எல்லாருந்தான்."

"நீங்களும்?"

"திருப்பினேன்."

அவள் தலையசைத்தாள். அந்த நேரத்தில்தான் நெஸ்தோர் முடிவு செய்தான், தான் போவதில்லை என்று. அவனுக்கு இப்போது விசா வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஏஜென்சி அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தது. மனைவி மரிலூ போகாதே என்று சொல்லவில்லை, ஆனால் ஒன்பது நாளாக அவன் சட்டைகளைத் துவைத்துவிட்டுப் பெட்டியில் வைக்காமல் கொடியிலேயே விட்டிருந்தாள். இன்றைக்குப் போய் அவளிடம் சொல்லிவிட வேண்டும். எந்நாளும் இந்தக் கொப்பரை நாற்றமே போதும்.

கிளம்பும்போது சீட்டாடிக்கொண்டிருந்த கிழவர் தலை நிமிராமல் சொன்னார். "நேரா வீட்டுக்குப் போயிடாத. வழியில எங்கயாவது எறங்கி, உக்காந்து, எதாவது வாய்ல போட்டுட்டுப் போ."

துக்க வீட்டிலிருந்து யாரும் நேராக வீட்டுக்குப் போவதில்லை. கூட வருவது எதுவோ, அதை வழியில் விட்டுவிட்டுப் போக வேண்டும். குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

லோப்பேஸில் ரொட்டிக்கடை முன்னால் நிறுத்தத்தான் செய்தான். மழை சரம்சரமாகக் கொட்டியது. பின்னால் தார்ப்பாயின் ஒரு மூலை அவிழ்ந்து படபடத்துக்கொண்டிருந்தது. இறங்கி உட்கார்ந்தால் சரக்கு நனையும். என்ஜினை அணைக்காமல் கையைக் காட்டினான். கடைப்பெண் குடையோடு ஓடி வந்து, கடைப் பக்கம் இருந்த கிளீனர் ஜன்னலில் ரொட்டிப் பையை உயர்த்தினாள். நெஸ்தோர் சில்லறையைத் தேடிக்கொண்டிருந்தான். அவன் கை நீட்டுவதற்குள் அவள் பையை விட்டுவிட்டாள். கை தவறி அல்ல. அந்தப் பக்கத்தில் ஒருவர் வாங்கிக்கொண்டால் எப்படி விடுவோமோ அப்படி. சில்லறைக்குக்கூட நிற்காமல் கடைக்குள் ஓடிவிட்டாள்.

பை சீட்டின்மேல் நேராக நின்றது.

அதன் பிறகு லாரிக்குள் கொப்பரையின் எண்ணெய்ச் சிக்கு நாற்றம் மெல்லக் குறைந்தது. பதினோரு வருடம் சட்டையிலும் தலைமுடியிலும் ஊறிய நாற்றம். அதன் இடத்தில் தலைக்குத் தடவும் பசையின் மணமும், அதற்கடியில் மருந்துபோல, மூக்கின் உள்ளே குளிர்ந்து உட்காரும் இன்னொன்றும் வந்தன. வலது பக்கம் கடல் சாம்பல் நிறத்தில் கூடவே வந்தது. பள்ளம் வந்தது. சத்தமில்லை. பாலம் வந்தது. சத்தமில்லை. வேண்டுமென்றே சாலையோரக் குழியில் சக்கரத்தை இறக்கினான். லாரி முழுவதும் குலுங்கியது. அந்த சீட் ஆடவில்லை.

திரும்பிப் போய் எங்காவது இறங்கியிருக்கலாம் என்று நான் சொன்னேன். அதையும் நினைத்தானாம். கை கேட்கவில்லையாம்.

ஆறு மணிக்கு வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தபோது வீட்டெதிரே நிறுத்தினான். அவன் வீட்டு மேசை நெடுஞ்சாலைச் சுவரை ஒட்டியது. லாரி எது போனாலும் மேசைமேல் இருப்பதெல்லாம் கடகடவென்று நடுங்கும். மரிலூ சோறும் புளிக்குழம்பில் மீனும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் மூன்று பேர். அவள் நான்கு தட்டு வைத்தாள்.

"யாரு வந்திருக்கா? உள்ள வரச் சொல்லு. நனையப் போறாங்க."

"யாரும் இல்லையே."

"ரெண்டு கதவு சாத்துன சத்தம் கேட்டுச்சே."

அவன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். மகள் ஜெலினுக்கு ஒன்பது வயது. பெஞ்சில் உட்கார்ந்தவள், யாரும் சொல்லாமலே, சுவர்ப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். சாப்பிட ஆரம்பித்தார்கள். நான்காவது தட்டை எடுத்துவிடச் சொல்ல வாய் திறந்தான். அப்போது கைப்பேசி அடித்தது. முதலாளி. நனைந்த சரக்கோடு துக்க வீட்டு வாசலில் லாரி நின்றதை யாரோ போட்டுக்கொடுத்திருந்தார்கள். முதலாளி கத்தவில்லை. காலையில் வேறு ஆள் வந்து சாவியை வாங்கிக்கொள்வான் என்று மட்டும் சொன்னார்.

மேசையில் எல்லாருக்கும் கேட்டது. மரிலூ மகளின் மீனிலிருந்து முள்ளை எடுத்துத் தன் தட்டின் ஓரத்தில் வைத்தாள். இன்னொரு முள். பிறகு அவனைப் பார்க்காமல் சொன்னாள்.

"அந்த ஏஜென்சிக்குப் போன் பண்ணு."

போவதில்லை என்ற முடிவை அவன் இன்னும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்ல இடமே இல்லாமல் போயிற்று. பேசினான். ஏஜென்சிப் பெண்ணுக்கு ஏக சந்தோஷம். நாகாவிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மணிலாவுக்கு வேன் வந்துகொண்டிருக்கிறதாம். கால்மணி நேரத்தில் குமாகா. வியாழக்கிழமை விமானம். இதை விட்டால் அடுத்தவருக்கு.

மரிலூ கொடியிலிருந்த சட்டைகளை ஈரத்தோடு பையில் திணித்தாள். மூவரும் மறுபடி உட்கார்ந்தார்கள். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பான்.

வாசலில் ஹாரன்.

எழுந்தான். மரிலூ தன் தட்டைத் திருப்பினாள். ஜெலின் நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும், கவனமாக ஒரு முழுச் சுற்று திருப்பினாள். நான்காவது தட்டு அப்படியே இருந்தது.

"அதையும் திருப்பு," என்றான்.

மரிலூ கை வைத்தாள். தட்டு நகரவில்லை. மேசையோடு ஒட்டியதுபோல. அவள் கையை எடுத்துப் தொங்கிய மேசை விரிப்பில் துடைத்துக்கொண்டாள்.

சாலையில் ஒரு பெரிய லாரி போனது. சுவர் அதிர்ந்தது. கரண்டிகள் துள்ளின. குழம்புச் சட்டி நடுங்கியது. மூன்று தட்டுகள் கடகடத்தன.

நான்காவது சும்மா இருந்தது. விளிம்பில் யாரோ இரண்டு விரலை அழுத்தி வைத்திருப்பதுபோல.

ஹாரன் மறுபடி.

போனான். வேறு என்ன செய்வது என்று என்னைக் கேட்டான்.

போலந்தில் பதினான்கு மாதம் ஓட்டினான். மார்ச் மாதத்தில், பனி விட்டிருந்த ஒரு காலை, அவன் லாரியின் கண்ணாடியைத் தட்டியது நான்தான். படுக்கையில் இருந்தான். இரண்டு நாள் ஆகியிருந்தது. அவன் பையை நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மரிலூ எனக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்னைத் திரும்பப் போலந்துக்கு அனுப்ப வேன் வந்துவிட்டது. அவளும் ஜெலினும் தட்டைத் திருப்பினார்கள். மேசையில் அவர்களுடையதும் என்னுடையதும் போக இரண்டு தட்டுகள் இருந்தன. சாலையில் லாரி போனது. அவை இரண்டும் கடகடக்கவில்லை.

அந்தக் கொப்பரை லாரியை இப்போது வேறு ஆள் ஓட்டுகிறான். சீட் மறுபடி கிறீச்சிடுகிறதாம். லூர்தெஸ் கலவாக்கிலேயே இருக்கிறாள். மரிலூவும் ஜெலினும் ஜூன் மாதம் லுசேனாவில் மரிலூவின் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்கள், மேசையை எடுத்துக்கொள்ளாமல். குமாகா வீடு பூட்டிக் கிடக்கிறது. எனக்குப் போலந்தில் ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.