பொழுது இறங்காத காடு

பாதிக் கோழிகள் தீவனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

சபரிநாதன் அதை உடனே கவனிக்கவில்லை. கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் ஷெட்டுக்குள் எருவின் காரம் மூக்கில் ஏற, இரண்டு பக்கக் கூண்டுகளுக்கும் நடுவே இருந்த சந்தில் பாதித் தூரம் நடந்த பிறகுதான் ஏதோ ஒரு சத்தம் குறைகிறது என்று பட்டது. சாயங்காலத் தீவனம் போட்டதும் அத்தனை அலகுகளும் தகரத் தொட்டியைக் கொத்துகிற சத்தம் ஆலங்கட்டி மழை மாதிரி ஷெட்டை நிறைத்துவிடும். இன்று அது இல்லை. வடக்கு வரிசைக் கோழிகள் தெற்கே பார்க்கும், தெற்கு வரிசைக் கோழிகள் வடக்கே பார்க்கும், நடுவில் தீவனம். எதிரும் புதிருமாக நின்று தின்பதுதான் வழக்கம். இப்போது இரண்டு வரிசையும் தெற்கே பார்த்து நின்றன. கம்பியில் மார்பு அழுந்த, கழுத்தை நீட்டி, பக்கவாட்டு வலைக்கு அப்பால் வெறுமையாகக் கிடந்த மரவள்ளிக் காட்டையே பார்த்துக்கொண்டு, ஒரு கொக்கரிப்புகூட இல்லாமல்.

அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு லைட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

மாசி மாதத்திலிருந்து அவன் அப்படித்தான். அவன் மனைவி மைதிலி திருச்செங்கோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியை. வகுப்பில் எழுதிக்கொண்டிருந்தபோது சாக்பீஸ் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான், கையெழுத்துப் போட்டான், கொள்ளி வைத்தான். எல்லாவற்றையும் சரியாகச் செய்தான். அழுகை மட்டும் வரவில்லை. வரும் வரும் என்று சொந்தக்காரர்கள் காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள். அப்பனும் மகளும் தனியாக என்ன செய்வார்கள் என்று அவர்கள் சொன்னபடியே, பத்தாவது போகும் தனப்பிரியாவை நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டான். அதற்கப்புறம் அவளைப் போய்ப் பார்க்கவில்லை. போகக்கூடாது என்றில்லை. போகவில்லை, அவ்வளவுதான்.

பகல் எப்படியோ கழிந்துவிடும். சாயங்காலம்தான் நகராது. வெயில் போன பிறகும், மல்லசமுத்திரம் ரோட்டில் வண்டிகள் விளக்கைப் போட்ட பிறகும், அவன் முற்றத்தில் ஒரு மங்கல் வெளிச்சம் கரையாமல் தேங்கிக் கிடக்கும். ஆளை இழந்தவர்களுக்கெல்லாம் இப்படித்தான் இருக்கும்போல என்று எண்ணிக்கொண்டான். யாரிடமும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தனப்பிரியா போன் செய்தாள்.

"ங்ப்பா, சாப்டீங்களா?"

"ஆச்சு சாமி."

"மாடிக்குப் போய்ப் பாத்தீங்களா? ஆடி பொறந்துருச்சுல்ல. இருட்டறப்பவே தெக்கால தெரியுமே, அம்மா காட்டுவாங்களே, அந்த நட்சத்திரம்."

"பாக்கலை அம்மிணி."

ஒவ்வொரு ஆடியிலும் மைதிலி இரண்டு பேரையும் மாடிக்கு இழுத்துக்கொண்டு போவாள். ஒண்ணாத் தெரியுதுல்ல, அது ரெண்டுங்க, ஒண்ணையொண்ணு சுத்திக்கிட்டு இருக்குது என்பாள். கூட மூணாவது ஒண்ணு, செவப்பா, சின்னதா, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நம்ம சூரியனை உட்டா நமக்கு ரொம்பக் கிட்ட இருக்கிற நட்சத்திரம் அதுதான். அதைச் சுத்திப் பூமியாட்டம் ஒண்ணு ஓடுது. ஆள் இருக்குதா என்று அவன் கேட்பான். "இருக்கலாம். தண்ணி இருக்கலாம், காத்து இருக்கலாம். ஒண்ணுமே இல்லாமயும் இருக்கலாம்" என்று சிரிப்பாள்.

"அந்தச் செவப்பு நட்சத்திரத்தைச் சுத்தற ஊரு அதுக்கு எப்பவும் ஒரே மூஞ்சியத்தான் காட்டுமாம்ப்பா, அதனால ஒரு பக்கம் எப்பவும் பகலுதானாம்," மகள் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "இன்னொரு பக்கம் எப்பவும் இருட்டு. நடுவால ஒரு ஓரம் இருக்குமாம். அங்க பொழுது எறங்கவே எறங்காதாம். உசுருன்னு ஒண்ணு இருந்தா அந்த ஓரத்துலதான் இருக்கும்னு அம்மா சொன்னாங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா?"

"ம்."



"ஆடிப்பதினெட்டுக்கு லீவு உடறாங்க. நீங்களே வந்து கூட்டிட்டுப் போவோணும். வாரீங்களா?"

"வாரேன்."

"நெசமாலுமா?"

"வாரேன் சாமி."

போனை வைத்துவிட்டு மாடிக்குப் போனான். ஆடிக் காற்று வேட்டியைப் பிடுங்கியது. நேர் தெற்கே, பனைமரத் தலைகளுக்கு மேல், அந்த நட்சத்திரம் வெள்ளையாக நின்றது. அதற்குக் கீழே, சற்றுத் தள்ளி, பீடி நுனி கனிந்தது மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். மைதிலி இருந்திருந்தால் கத்தியிருப்பாள் என்று தோன்றியது. கீழே இறங்கி வந்து படுத்துக்கொண்டான்.

கோழிகள் தீவனம் எடுப்பது நின்றுபோனதால் கால்நடை மருத்துவர் கோகிலவாணியை வரச் சொன்னான். அவர் நாலைந்து கோழிகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். சீக்கு ஒன்றும் இல்லை என்றார்.

"தெக்கால இருந்து ஏதாவது வெளிச்சம் அடிக்குதுங்களா? டவர் லைட்டு, மில்லு லைட்டு?"

"இல்லீங்க."

"கோழிக்குக் கண்ணுல மட்டுமில்லீங்க, மண்டை ஓட்டுக்குள்ளயும் வெளிச்சம் புகும். அதுலயும் செவப்பு வெளிச்சம்தான் ஆழமாப் புகும். நமக்குத் தெரியறதுக்கு முன்னாடியே அதுக்குத் தெரிஞ்சுரும்." பையை மூடியபடி அவர் வலைக்கு வெளியே ஒரு தடவை பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை. சத்து மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, கொடுத்த டீயைக் குடிக்காமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வந்த ஒரு சாயங்காலம் காற்று நின்றது. ஆடியில் காற்று நிற்பதில்லை. ஷெட் தகரம் படபடப்பது, பனையோலை உரசுவது, புழுதி ஜன்னலில் வந்து விழுவது எல்லாம் அந்த மாதம் முழுக்க இருந்துகொண்டே இருக்கும். அது அறுந்துபோனதும், தன் மூச்சுச் சத்தம் அவனுக்குப் பக்கத்தில் வேறு யாருடையதோ போலக் கேட்டது. வெளியே வந்தான். ஷெட்டில் வேலை செய்யும் அம்மாசி, பெண்சாதியையும் இரண்டு மூட்டைகளையும் வேலிக்கு அப்பால் நிறுத்திவிட்டுத் தான் மட்டும் உள்ளே வந்து நின்றான்.

"ஏனுங்க, நாங்க எடப்பாடிக்குப் போறமுங்க. மச்சினன் ஊட்டுக்கு."

"என்னப்பா திடீர்னு?"

"பொழுது எறங்க மாட்டீங்குதுங்க." அம்மாசி தாழ்ந்த குரலில் சொன்னான். "ரோட்டுக்குப் போனா கும்மிருட்டு. நம்ம காட்டுக்குள்ள வந்தா அப்படியே நிக்குது. உங்களுக்குத் தெரியலீங்களா?"

சபரிநாதன் வானத்தை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்குத் தெரியும். இத்தனை மாதமாகத் தெரியும். தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தான்.

"அப்பறம் இன்னொண்ணுங்க. தெக்காலக் காட்டுல நீங்க நிக்கறதை நாலு தடவை பாத்துட்டமுங்க. கூப்ட்டாத் திரும்ப மாட்டீங்கறீங்க."

"நான் எங்கப்பா அங்க போனேன்?"

அம்மாசி ஓரடி பின்னால் நகர்ந்தான். சபரிநாதனின் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சபரிநாதனும் குனிந்து பார்த்தான். வாசல் விளக்கு போட்ட கறுப்பு நிழல் முன்னால் கிடந்தது. பக்கவாட்டில், வடக்கே, வீட்டுச் சுவர் வரைக்கும் நீண்டு இன்னொரு நிழல். அதன் ஓரங்கள் சிவந்திருந்தன.

நிமிர்ந்தபோது அம்மாசி வேலியைத் தாண்டியிருந்தான்.

சபரிநாதன் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தான். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு முட்டையை உடைத்துச் சட்டியில் ஊற்றினான். மஞ்சள் கரு குறுக்கே கோடு போட்டது மாதிரி இரண்டாகப் பிரிந்திருந்தது. பாதி வெளுப்பு. பாதி கறுப்பு. இரண்டும் சேரும் இடத்தில் நூல் கனத்துக்கு ஒரு சிவப்பு. இன்னொன்று உடைத்தான். அதுவும் அப்படியே. எண்ணெயில் அது பொரியும் மணம் எந்த முட்டையின் மணத்தையும் போலத்தான் இருந்தது. உப்புப் போட்டுச் சாப்பிட்டான். ருசி தெரியவில்லை. மாசியிலிருந்தே தெரியவில்லை.

லீவு விடும் அன்று காலையில் குளித்தான். நீலக்கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டான். மைதிலி கடைசியாக எடுத்துக் கொடுத்தது. மத்தியானம் கிளம்பினால் சரியாக இருக்கும். கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. தெரிந்துகொண்டே இருந்தது. போனால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அது மைதிலியின் முகம். சாவி உள்ளங்கையில் வேர்த்தது. ஈ ஒன்று மணிக்கட்டில் உட்கார்ந்தது, எழுந்தது, மறுபடி உட்கார்ந்தது. அவன் விரட்டவில்லை.

ஜன்னல் சிவந்தபோதுதான் நேரம் போனது தெரிந்தது.

விடுதிக்குப் போன் போட்டான். வார்டன் எடுத்தார்.

"தனப்பிரியா அப்பாங்க. கொஞ்சம் நேரமாயிருச்சு. இப்பக் கெளம்பறேன். பாப்பாகிட்டச் சொல்லீருங்க."

"என்னங்க சொல்றீங்க? மத்தியானமே நீங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டீங்களே."

அவன் போனைக் காதில் இன்னும் அழுத்தினான்.

"கேட்டுக்கு வெளிய நின்னுட்டு இருந்தீங்க. உள்ள வாங்கன்னு கூப்ட்டேன், ரோட்டைப் பாத்தே நின்னீங்க, திரும்பவே இல்லீங்க. பாப்பாதான், எங்கப்பாதான், அந்தச் சட்டை எங்கம்மா எடுத்ததுன்னு ஓடிப்போய்க் கையைப் புடிச்சுக்கிச்சு. அத்தனை சந்தோசமா நான் அந்தப் புள்ளையைப் பாத்ததே இல்லீங்க. வண்டி எங்கன்னு கேக்கலாம்னு வாரதுக்குள்ள ரெண்டு பேரும் நடந்தே போயிட்டீங்க. சார்? சார், லைன்ல இருக்கீங்களா?"

சபரிநாதன் தன் சட்டையைப் பார்த்தான். நீலக்கட்டம்.

போனைக் கீழே வைத்தான். வெளியே வந்தான்.

காற்று இல்லை. ஷெட்டில் சத்தம் இல்லை. ரோட்டில் ஒரு லாரியாவது போயிருக்க வேண்டும். போகவில்லை. தெற்கே பனைமரங்களுக்குப் பின்னால், வண்டிச் சக்கரத்தைவிடப் பெரிதாக, சிவப்பாக ஒரு வட்டம் காட்டின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. கண் கூசவில்லை. நேராகப் பார்க்க முடிந்தது. அதிலிருந்து ஒரு வெதுவெதுப்பு வந்து முகத்தில் படிந்தது, அடைக்கோழியின் வயிற்றுக்கடியில் கையை விட்டது மாதிரி.

மரவள்ளி பிடுங்கிய வெறுங்காட்டின் நடுவே இரண்டு பேர் நின்றார்கள். கையைக் கோத்துக்கொண்டு.

ஓடினான். செருப்பு கழன்றது. கட்டிமண் காலில் குத்தியது.

பச்சைப் பாவாடை. சிவப்பு ரிப்பன் கட்டிய இரட்டைச் சடை. தோளில் புத்தகப் பை. பக்கத்தில் நீலக்கட்டச் சட்டை. சற்றே இறங்கிய இடது தோள். பிடரியில் ஒழுங்கில்லாமல் வளர்ந்த முடி. ஒருவனும் தன் முதுகைத் தானே பார்ப்பதில்லை. ஆனாலும் பார்த்ததும் தெரிந்தது.

"அம்மிணி!"

அவள் திரும்பவில்லை. பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவனை நிமிர்ந்து பார்த்து, மூச்சுவிடாமல், விடுதிச் சோறு, கணக்குப் பரீட்சை, பக்கத்துக் கட்டில் பெண் என்று. இத்தனை வாரம் போனில் பேசாமல் வைத்திருந்த அத்தனையையும்.

சபரிநாதன் சுற்றி வந்தான். மகளின் பக்கவாட்டு முகம் தெரிந்தது. பக்கத்தில் நின்றவனுடையது தெரியவில்லை. முதுகு. இன்னும் சுற்றினான். முன்பக்கம் வந்தான், அந்தச் சிவப்பு வட்டம் தன் பின்னால் இருக்கும்படி. மகளின் முகம் முழுசாகத் தெரிந்தது. அவனுடைய முதுகு. மறுபடி சுற்றினான். முதுகு. காலடி மண் குழிந்தது. முதுகு.

"தனம்! நான் இங்க இருக்கறேன் சாமி! இங்க பாரு!"

அவள் கண் அவன் மேல் பட்டு, நிற்காமல், அவனைத் தாண்டிப் போனது.

மாசியிலிருந்து மரத்துக் கிடந்ததெல்லாம் அந்த நொடியில் வலித்தது. நெஞ்சு, தொண்டை, பல் வேர் வரைக்கும். அழுகை வந்தது. அவளை நோக்கிக் கையை நீட்டினான். நீட்டிய இடத்தில் அவள் இல்லை. அதே தூரத்தில் இருந்தாள். ஓரடி வைத்தான். அதே தூரம். ஓடினான். அதே தூரம்.

"ங்ப்பா," அவள் கோத்திருந்த கையை மெல்ல ஆட்டினாள். "எல்லாம் சொல்லிட்டேன். நீங்க ஒண்ணுமே பேச மாட்டீங்கறீங்க. ஒருக்கா என்னையப் பாருங்களே."

"வேண்டாம்," என்றான் சபரிநாதன். "கேக்காத. சாமி, கேக்காத."

"ஒரே ஒருக்கா. ங்ப்பா."

நீலக்கட்டச் சட்டை அசைந்தது. தோள் இறங்கியது. அவன் குனிந்தான். மகளின் பக்கம், அவசரமே இல்லாமல், தலையைத் திருப்பினான்.

சபரிநாதனுக்குப் பின்னந்தலைதான் தெரிந்தது. அதற்கு அப்பால் தனப்பிரியாவின் முகம். நிமிர்ந்து. சிவந்து. சிரித்தபடி.

அவள் பார்த்தாள்.

சிரிப்பு மறையவில்லை. நின்றுபோனது. இமை இறங்கவில்லை. வாயில் பாதி எழுந்த சொல் அங்கேயே நின்றது. முன்னெற்றியில் விழுந்திருந்த முடியிழைகள், மேல்நோக்கி, ஒவ்வொன்றாக, குனிந்த அந்த முகத்தின் பக்கம் நீண்டன.

அவளுடைய கை மட்டும் அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.