மெயில் வந்த சத்தம்

ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி மேஜை டிராயருக்குள் போட்ட பிறகும், மெயில் வந்த சத்தம் கேட்டது.

டிங்.

தணிகாசலம் திரையைப் பார்த்தான். புதிதாக ஒன்றும் வரவில்லை. சேதராப்பட்டு ஷூ கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களுக்குப் பதில் எழுதுவது அவன் வேலை. சாப்பிடும்போதுகூட அந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடி அலுத்துப்போனவன், இனிக் காலையில் ஒருமுறை, கிளம்பும்முன் ஒருமுறைதான் மெயில் பார்ப்பது என்று இந்த வாரம் முடிவு செய்திருந்தான். நாள் மறுபடி தன் கைக்கு வந்துவிட்டதுபோல் நெஞ்சு லேசாகியிருந்தது. பொழுதோடு வீட்டுக்குப் போய் மகள் அபியோடு விளையாட முடிந்தது.

டிங். இந்தமுறை, பூட்டிய பீரோவுக்குள்ளிருந்து.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு பைக்கை எடுத்தான். லாரிகளின் இரைச்சலுக்கும் ஹாரன்களுக்கும் அடியில், சட்டையில் ஒட்டிய பசை நாற்றம்போல அந்தச் சத்தமும் காதோரமாக அவனோடு வந்துகொண்டே இருந்தது. ஊருக்குள் நுழைந்து, கடல்காற்றின் உப்பு முகத்தில் பிசுபிசுத்த பிறகும் விடவில்லை.

முதலியார்பேட்டையில் தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. மனைவி செல்வி மெழுகுவர்த்தியோடு கதவைத் திறந்தாள்.

“என்னாங்க, மூஞ்செல்லாம் இப்பிடி வேர்த்துக் கெடக்கு?”

“உனக்கு ஏதாச்சும் சத்தம் கேக்குதா?”

“ஃபேனே ஓடல, என்னா சத்தம்? அபி இப்பதான் தூங்குனா. எழுப்பிடாதீங்க.”

டிங்.

உள்ளறையிலிருந்து.

மெழுகுவர்த்தியை வாங்கிக்கொண்டு போனான். கொசுவத்திப் புகையும் குழந்தையின் பவுடர் வாசனையும் கலந்து அறை புழுங்கியது. அபி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலையணைக்கு அடியில் தடவினான். பாயைத் தூக்கினான். பொம்மைகளை உதறினான். எதிலும் இல்லை.

மண்டிபோட்டு அவள் முதுகில் கை வைத்தான்.

சில்லென்று இருந்தது.

“அபி.”

மெல்லத் திரும்பினாள். கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை. வாய் திறந்தது. உதடு அசையவில்லை. நாக்கு அசையவில்லை.

டிங்.

மெழுகுவர்த்தி கைதவறி விழுந்து அணைந்தது.

“செல்வி,” என்றான். “செல்வி, இங்க வா.”

வாசற்படியில் அவள் உருவம் வந்து நின்றது.

“செல்வி?”

டிங்.

பின்வாங்கினான். பின்னால் சுவர். முன்னால் இருட்டு. அந்த இருட்டில் இரண்டு வாய்கள் திறந்தே இருந்தன, அவன் பதிலுக்காக.