வலையைக் கடித்த மீன்

எங்கள் வீட்டு முன்னறைதான் மீன் கடை. சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள். நான் திட்டு வாங்கும்போதெல்லாம் அத்தனை மீன்களும் வாயைத் திறந்து வேடிக்கை பார்க்கும்.

கடை அம்மாவுடையது. சித்தப்பா தண்ணீர் மாற்றுவார், மீன்களுக்குப் பட்டப்பெயர் வைப்பார். எனக்கும் ஒன்று வைத்திருக்கிறார்: வாயாடி.

கடையில் ஒரு பச்சை வலை உண்டு. உயரமான ஆணியில் தொங்கும். அம்மாவைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது. தங்கமீன் முட்டை போட்டதும், அம்மா அந்த வலையால் அம்மா மீனையும் அப்பா மீனையும் வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவார். இல்லாவிட்டால் அவை தங்கள் முட்டையைத் தாங்களே தின்றுவிடும். கடையில் எந்த மீனுக்கும் இதுதான் சட்டம். எங்கள் தங்கமீன் குஞ்சுகளுக்கு நல்ல பேர் இருந்ததால், அந்தச் சட்டத்தை யாரும் கேள்வி கேட்டதில்லை.

அப்புறம்தான் கைதிகள் வந்தார்கள். உடம்பெல்லாம் கறுப்புக் கோடு போட்ட ஒரு ஜோடி மீன். "ஜெயில்ல இருந்து தப்பிச்சு வந்திருக்குங்க" என்றார் சித்தப்பா. எனக்கு அந்த இரண்டையும் பார்த்ததுமே பிடித்துவிட்டது. நான் பள்ளியிலிருந்து வந்ததும் கண்ணாடி ஓரத்துக்கு ஓடி வருபவர்கள் அவர்கள்தான்.

தொட்டிக்குள் படுக்க வைத்த சின்னப் பூச்சட்டிக்குள் அவை முட்டை போட்டன. அம்மா சட்டப்படி ஜோடியை வெளியே எடுத்தார். முட்டைகள் பஞ்சு பூத்ததுபோல வெளுத்து வீணாகிவிட்டன. இரண்டாவது முறையும் அதே கதைதான்.

"ராசியில்லாத ஜோடி. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா திருப்பிக் குடுத்துடுவேன்" என்றார் அம்மா.

எனக்கு அன்று சோறே இறங்கவில்லை.

மூன்றாவது முறை முட்டை போட்டபோது நான் தொட்டியை விட்டு நகரவில்லை. அம்மா வலையை உள்ளே விட்டார். அப்பா மீன் நேராக வந்து வலையைக் கடித்தது. அம்மா மீன் பூச்சட்டிக்குள்ளேயே நின்று, துடுப்பால் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தது.

"அம்மா, ஒரு நிமிஷம். முட்டையைத் தின்னப்போற மீன் எதுக்கு வலையோட சண்டை போடணும்?"

அம்மாவின் கை நின்றது.

"தங்கமீன் ஒருநாளாவது வலையைக் கடிச்சிருக்கா? அதுபாட்டுக்குப் போயிடும். இது போகமாட்டேங்குது. விட்டுப் பாரும்மா, இந்த ஒரு தடவை."

"தின்னுடுச்சுன்னா?"

"அப்போ நீ சொன்ன மாதிரியே திருப்பிக் குடுத்துடு. நான் அழமாட்டேன்."

சும்மா சொன்னேன். கட்டாயம் அழுதிருப்பேன். ஆனால் அம்மா வலையை வெளியே எடுத்துவிட்டார்.

கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடியைத் தட்டி மிரட்டாமல் இருக்க, என் பழைய துண்டைத் திரைபோல் தொங்கவிட்டேன். மறுநாள் துண்டை லேசாக விலக்கிப் பார்த்தோம். அம்மா மீன் ஒரு முட்டையை வாயில் கவ்வியது.

"போச்சு. டிபன் ஆரம்பிச்சாச்சு" என்றார் சித்தப்பா.

நான் கண்ணை எடுக்கவில்லை. அது கவ்வியது வெளுத்துப்போன முட்டை. அடுத்ததும் வெளுத்ததுதான். நல்ல முட்டை ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"தின்னலை சித்தப்பா, பொறுக்குது. நீங்க அரிசியில கல்லு பொறுக்குவீங்களே, அந்த மாதிரி."

சித்தப்பா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார். அதற்குப் பிறகு டிபன் பேச்சையே எடுக்கவில்லை.

ஆனால் சில நாளில் ஒரு காலை, பூச்சட்டி காலியாக இருந்தது. ஒரு முட்டைகூட இல்லை. அம்மா வலையை எடுத்துவந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

வலை தண்ணீரில் பட்டதுதான் தாமதம், அப்பா மீன் பாய்ந்து வந்து கடித்தது. ஆனால் பூச்சட்டிப் பக்கத்திலிருந்து அல்ல, மறு மூலையிலிருந்து வந்தது. அங்கே எதற்கு நின்றுகொண்டிருந்தது? நான் தரையில் படுத்து அந்த மூலையைப் பார்த்தேன். கூழாங்கற்களைத் தள்ளி ஒரு குழி பறித்திருந்தது. குழிக்குள் கடுகு கடுகாக ஏதோ துடித்தது. கடுகுக்கெல்லாம் வால் இருந்தது.

"அம்மா, குஞ்சு. வீடு மாத்தியிருக்குங்க."

அம்மாவும் தரையில் படுத்தார். சித்தப்பாவும் படுத்தார். பால் கொண்டுவந்த அக்கா, மூன்று பேரும் தரையில் கிடப்பதைப் பார்த்துப் பயந்துபோனார்.

அடுத்த வாரம் குஞ்சுகள் நீந்தத் தொடங்கின. அம்மா மீன் முன்னால், அப்பா மீன் பின்னால், நடுவில் ஒரு சின்னக் கூட்டம். வழி தவறிய குஞ்சை அப்பா மீன் வாயில் அள்ளிவந்து கூட்டத்துக்குள் துப்பியது.

"தங்கமீன் மோசமாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லடி. அது நிறைய நிறைய முட்டை போடுது. முக்கால்வாசி போனாலும் மிச்சம் இருக்கும். அதனால திரும்பிப் பார்க்கிறதில்ல. இது போடுறது கொஞ்சம். போடுறதைக் காவல் காக்குது. அதுங்களை எடுத்ததாலதான் முட்டையெல்லாம் வீணாச்சு. நான்தான் ரெண்டையும் ஒரே வலையால அள்ளிட்டேன்."

மாலையில் ஒரு வாடிக்கையாளர் கைதிகளின் தொட்டி முன்னால் நின்றுவிட்டார். "பெத்தவங்களோட குஞ்சுங்க இருக்கே, தின்னாதா?" என்று கேட்டார்.

"எங்க கடையில தின்னாது. எப்படின்னு இவளைக் கேளுங்க, இவதான் கண்டுபிடிச்சா" என்றார் அம்மா. அப்படிச் சொன்னபோது அவர் குரல் பக்கத்துக் கடை வரைக்கும் கேட்டிருக்கும். நான் காது சூடாகும்வரை பேசினேன். வாடிக்கையாளரும் பொறுமையாகக் கேட்டார்.

அவர் போனதும் அம்மா சுத்தியலை எடுத்தார். சுவரில் ஒரு புது ஆணி அடித்து, பச்சை வலையை அதில் மாட்டினார். அந்த ஆணி என் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது.