அலமாரிக்குள் நகராட்சித் தலைவர்

"மேடம்... ஒரு பொணம்!"

போனில் அலறியவர் மேஸ்திரி.

"எங்கே?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"பழைய நகராட்சி ஆபீஸை இடிக்கறோம்ல... தலைவர் ரூம்ல சுவர்ப் பலகையைப் பேர்த்தோம். பின்னாடி ஒரு அலமாரி. உள்ளே எலும்பா நிக்குது!"

ஜீப் பறந்தது.

எலும்புக்கூடு கோட்டு போட்டிருந்தது. கழுத்தில் கனமான வெள்ளிச் சங்கிலி. அதில் ஊர் முத்திரை!

மேஸ்திரி சங்கிலியைச் சுட்டிக் காட்டினார். "இது தலைவர் போடற சங்கிலி மேடம். அப்போ இது... காணாமப் போன கடைசித் தலைவர்!"

அந்தக் கதை ஊரில் யாருக்குத்தான் தெரியாது? முப்பது வருஷத்துக்கு முன்னால், நகராட்சியைப் பக்கத்து மாநகராட்சியோடு இணைப்பதா வேண்டாமா என்று கவுன்சில் கூட்டத்தில் ஓட்டெடுப்பு. 'கூடவே கூடாது' என்று குதித்தவர் தலைவர். ஓட்டெடுப்பு அன்று பார்த்து ஆளைக் காணோம்! இரண்டு பக்கமும் சமமான ஓட்டு. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த துணைத் தலைவர், முடிவு ஓட்டை இணைப்புக்குப் போட்டார்.

நகராட்சி அன்றோடு காலி.

அந்தத் துணைத் தலைவர்... இன்ஸ்பெக்டரின் மாமனார்!

வீட்டுத் தோட்டத்தில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் குழாய் கையிலிருந்து நழுவியது.

"மாமா, மருமகளா கேக்கல. போலீஸா கேக்கறேன். அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

"பூட்டினேன்மா... அவரை உள்ளே வச்சு ரூமைப் பூட்டினேன். ஓட்டு முடியற வரைக்கும்தான்! அப்புறம் திறந்தா ஜன்னல் கம்பி வளைஞ்சிருக்கு. ஆளைக் காணோம்."

"ஜன்னல் வழியா போனவர் அலமாரிக்குள்ளே எப்படி மாமா செத்தார்?"

"சத்தியமா நான் கொல்லலைம்மா!"

நம்பத்தான் ஆசை. கல்யாணத்துக்குப் பிறகு அவள் போலீஸ் பரீட்சை எழுதியபோது, முகம் சுளித்த சொந்த மகனையே வாயை மூட வைத்தவர் இந்த மனுஷன்!

"ஜீப்ல ஏறுங்க மாமா..." என்றாள்.

ஸ்டேஷன் பெஞ்சில் நெட்டையாக ஒரு கிழவர் காத்திருந்தார். அவளைப் பார்த்ததும் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"ஒரு புகார் கொடுக்கணும்மா. நான் செத்துட்டேன்னு டீவில சொல்றாங்க!"

மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டார். "த... தலைவரே!"

இன்ஸ்பெக்டர் கிழவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ... அலமாரியில இருந்தது?"

"நகராட்சிப் பள்ளிக்கூடத்து சயின்ஸ் லேப் எலும்புக்கூடு! நான் ஜன்னல் வழியா வெளியே குதிக்கறேன், ஹால்ல கைதட்டறாங்க. ஓட்டு முடிஞ்சுபோச்சு! பத்திக்கிட்டு வந்துச்சு. அன்னிக்கு ராத்திரியே பக்கத்து லேப்ல புகுந்து அதைத் தூக்கிட்டு, அதே ஜன்னல் வழியா என் ரூமுக்கு வந்து, என் கோட்டையும் சங்கிலியையும் மாட்டி, அலமாரியில நிக்க வச்சுப் பலகையை அடிச்சிட்டேன். இவனைக் கொலைக் கேஸ்ல மாட்டிவிட!"

போன் அலறியது. எலும்புக்கூட்டைச் சோதித்த டாக்டர். "மேடம்... மூட்டுக்கு மூட்டு ஸ்க்ரூ இருக்கு!"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "சரி சார்... அப்புறம் ஏன் முப்பது வருஷம் சும்மா இருந்தீங்க?"

"எங்கேம்மா சும்மா இருந்தேன்? வெளியூர்ல மக வீட்டுல ஒளிஞ்சு உட்கார்ந்து தினமும் பேப்பரைப் புரட்டினேன்! கட்டடம் கைமாறின வாரமே குடைஞ்சு பார்ப்பாங்கன்னு கணக்குப் போட்டேன்..."

தலைவர் மாமனாரை முறைத்தார்.

"ஒரு அலமாரியைத் திறக்க உன் மாநகராட்சிக்கு முப்பது வருஷம்! இதுக்குத்தாண்டா அன்னிக்கே தலைதலையா அடிச்சுக்கிட்டேன்... சேராதே, சேராதேன்னு!"