பதிவில் விழுந்த இருமல்

பறவை இருமியது.

சந்திரகலா கேமராவிலிருந்து முகத்தை எடுத்தாள். ஒலிபெருக்கியை அவள் நிறுத்திச் சற்று நேரம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகுதான், விழுந்து கிடந்த மரத்துக்கு அப்பாலிருந்து பிட்டா பறவையின் பதில் வந்தது. இழுத்து இழுத்து இரண்டு விசில். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளாக அவள் காத்துக் கிடந்த பதில். விரலை ஷட்டரின் மேல் வைத்து, கண்ணை இமைக்காமல் இருந்தபோது, விசில் முடிந்த இடத்தில் வறண்ட சின்ன இருமல் ஒன்று கேட்டது.

திரும்பிக் கணவரை முறைத்தாள். பரமேஸ்வரன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கிக் காட்டினார்.

"நான் இல்ல லா," என்றார் கிசுகிசுப்பாக.

"பின்ன பேர்டா இருமுச்சு?"

"அதான் எனக்கும் கேட்டுச்சு."

பச்சை வலைத் துணியால் மறைத்த அந்தச் சின்னக் கூடாரத்துக்குள் இரண்டு பேருக்கு இடம் போதாது. அவருடைய முழங்கால் அவள் முதுகில் இடித்தது. அவர் சட்டையிலிருந்து கோடாலித் தைலத்தின் வாசனை எரிச்சலாய் வந்தது. கொசுவுக்கு வேறு ஏதாவது பூசிக்கொள்ளுங்கள், பறவைக்கு ஆகாது என்று எத்தனை முறை சொல்லியாயிற்று. கேட்கிற மனிதரா?

ஒரு காலத்தில் இது இருவருக்குமான பொழுதாகத்தான் தொடங்கியது. போன வருடம் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சும்மா நட என்றால் நடக்க மாட்டார். எனவே கேமரா ஒன்றை வாங்கி, "எனக்குத் துணைக்கு வாங்க" என்று அழைத்துக்கொண்டு போனாள். அவர் தன் கண் பார்வையிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் அப்போது அவளுடைய ஒரே எண்ணம். நாளடைவில் பறவைகள் அவளைப் பிடித்துக்கொண்டன. அவர் மட்டும் அப்படியே இருந்தார். கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தைச் சரசரவென்று பிரிப்பார். கால் மாற்றிப் போடுவார். முக்கியமான நேரத்தில் இருமுவார். அவரை அவள் எடுத்த படம் ஒன்றுகூடத் தெளிவாக விழுந்ததில்லை. எல்லாவற்றிலும் முகம் கலங்கி இருக்கும், அசைந்துவிடுவார்.

இன்றைக்கு அவளுக்கு நேரமில்லை. பறவைப் படக் குழுவின் கண்காட்சி பிரிக்பீல்ட்ஸில் நடக்கப் போகிறது. அவள் பெயருக்கு ஒரு படச் சட்டம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிட்டா தருகிறேன் என்று இவள்தான் வாய் விட்டாள். கறுப்புத் தலை, பச்சை உடம்பு, அடிவயிற்றில் குங்குமத்தைக் கொட்டியது போன்ற சிவப்பு. நாளைக் காலைக்குள் படம் போகாவிட்டால் அந்த இடமும் கிள்ளான் ஜெயராஜுக்குத்தான். அவன் வாரத்துக்கு ஒரு பிட்டாவை எடுத்துக் குழுவில் போட்டுக்கொண்டிருந்தான்.

ஒலிபெருக்கி யோசனையைக் கொடுத்ததும் அவன்தான். "அக்கா, நீங்க டவுன்லோட் பண்ணி வச்சிருக்கிறது தாய்லாந்து பேர்டு குரல். நம்ம ஊரு பேர்டு திரும்பிக்கூடப் பாக்காது லா. அங்கேயே ரெக்கார்ட் பண்ணி, அதையே திருப்பிப் போடுங்க. நம்ம ஏரியாவுக்குள்ள எவன்டா வந்தான்னு சண்டைக்கு ஓடி வரும்."

ரவாங்கில் இந்தத் தாமான் குடியிருப்புக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் செம்மண் பாதையின் கடைசியில், போன வாரம் அவள் அப்படியே செய்தாள். கைப்பேசியை நீட்டிப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, பரமேஸ்வரனின் காலில் அட்டை ஏறிவிட்டது. "கலா, இங்க வா லா!" என்று கத்தினார். பிறகு இருமினார். இரண்டாவது விசில் அந்த இருமலின் மேலேயே விழுந்தது.

அன்று முகம் வெளுத்தவர் அவர்தான். அட்டைக்காக இல்லை. பத்து ஆராங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். பால் மரம் வெட்டப் போகிற இடத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஓய் என்பார்கள், தகர வாளியைத் தட்டுவார்கள். பெயர் காட்டுக்குத் தெரிந்துவிடக் கூடாதாம்.

இப்போது மறுபடியும் அதையே ஆரம்பித்தார். "அந்த ரெக்கார்டிங்க அழிச்சிடுன்னு சொன்னேன்ல."

"உங்க குரல வெட்டிட்டேன். பேரே அதுல இல்ல. இருமல மட்டும் வெட்ட முடியாது, விசிலும் சேர்ந்து போயிரும்."

"அதுக்கில்ல மா..."

"எதுக்கோ! ஒரே ஒரு நாள் வாய மூடிக்கிட்டு, ஆடாம அசையாம உக்காந்திருக்கீங்களா? பேர்டு பக்கத்துல வந்ததும் மூச்சக்கூட அடக்கிட்டு இருக்கணும். வந்த உடனே அவசரப்படக் கூடாது, இன்னும் கிட்ட வரட்டும்னு விடணும். எத்தன தடவ சொல்றது?"

அவர் எழுந்தார். தலை வலையில் இடித்தது. அதுவும் சரசரத்தது.

"சரி. கார்ல போய் அசையாம உக்காந்திருக்கேன். போதுமா?"

"ரொம்ப சந்தோஷம்."

பாதையில் அவர் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. திரும்பிப் போன அந்த முதுகை நினைத்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. கூப்பிட்டிருக்கலாம். ஆனால் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அவள் ஒலிபெருக்கியைத் திரும்பவும் இயக்கினாள்.

மேகம் தாழ இறங்கி, இலைகளின் பச்சை எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்துகொண்டிருந்தது. சாயங்காலப் பூச்சிகள் இரும்பை அறுப்பது போல ஒரே சுருதியில் கத்தின. மட்கிய இலையின் வாசனைக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று, நெடுநாள் மூடிக் கிடந்த பெட்டியைத் திறந்தது போல, வந்து வந்து போனது. பறவைக்காகக் கட்டையின்மேல் தூவி வைத்த புழுக்களை எதுவும் தொடவில்லை. நெளிந்துகொண்டே இருந்தன. ஒலிபெருக்கி தன் இரண்டு விசிலையும் இருமலையும் திரும்பத் திரும்பச் சொல்லி, பிறகு மூன்று முறை பீப் என்று அலறி, பேட்டரி தீர்ந்து அணைந்தது. இதுவும் இன்றைக்குத்தான் தீர வேண்டும். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது பதில் வந்தது. முன்பைவிடப் பக்கத்தில். விசில், விசில், இருமல்.

கரிச்சானாக இருக்கும் என்று நினைத்தாள். வால் நீண்ட கரிச்சான் எந்தக் குரலையும் பிடித்துக்கொள்ளும், பூனை மாதிரிகூடக் கத்தும். ஜெயராஜே சொல்லியிருக்கிறான். இத்தனை நேரம் இருமலைப் போட்டுக் காட்டினால் அதுவும் இருமத்தானே செய்யும்? சிரிக்க முயன்றாள்.

"கலா, இங்க வா லா."

இடது பக்கம். விழுந்த மரத்துக்குப் பின்னால். அவருடைய குரல்.

கோபம்தான் முதலில் வந்தது. காருக்குப் போகிறேன் என்று போன மனிதர், சுற்றிக்கொண்டு வந்து புதருக்குள் நின்று விளையாடுகிறார். இந்த வயதில், இந்த நேரத்தில், அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு. வலையை விலக்கித் தலையை நீட்டி, இருந்த எரிச்சல் எல்லாம் சேர, தொண்டை உடைய அவள் கத்தினாள்.

"ஏங்க, வெளாட்டு போதும்! வாங்க!"

பூச்சிகள் நின்றன.

எல்லாம். ஒரே நேரத்தில்.

"கலா, இங்க வா லா." பிறகு அந்த இருமல்.

அந்த வாக்கியம் அவளுக்கு மனப்பாடம். பதிவை வெட்டி ஒட்டுவதற்காகப் போன வாரம் முழுதும் காதில் மாட்டிக் கேட்டிருக்கிறாள். 'கலா' என்பதில் அட்டையைப் பார்த்த பயம். 'வா'வுக்கு முன் எச்சில் விழுங்கும் சத்தம். 'லா'வில் ஒரு இழுப்பு. அச்சாக அதே பயம், அதே எச்சில், அதே இழுப்பு. ஆனால் அதை அவள் வெட்டிவிட்டாள். ஒலிபெருக்கி அதை ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

அன்றைக்கு இங்கே நின்று யாராவது கேட்டிருந்தால் மட்டுமே தெரியும்.

கைப்பேசியை எடுத்து அவரை அழைத்தாள். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. கூடாரத்துக்கு வரும்போது சைலன்ட்டில் போட்டுவிடுங்கள் என்று சண்டை போட்டுப் பழக்கியவள் அவள்தான்.

"கலா, இங்க வா லா."

இப்போது வலது பக்கம். அங்கிருந்து இங்கே வர, நடுவில் ஒரு சருகுகூட நொறுங்கவில்லை.

கேமரா முக்காலியிலேயே நின்றது. அவள் அதை எடுக்கவில்லை. கண்காட்சி, சட்டம், ஜெயராஜ், எதுவும் இப்போது மனதில் இல்லை. கார். அவர் காரில் இருக்கிறாரா? அது ஒன்று தெரிந்தால் போதும். செம்மண் பாதையில் இறங்கி, கைப்பேசியின் வெளிச்சத்தைக் காலடியில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தாள். ஓடக் கூடாது என்று ஏனோ தோன்றியது. மழை முதல் துளிகளைப் போட்டது. பாதைக்கு இணையாக, மரங்களுக்குள், அந்தக் குரல் கூடவே வந்தது. கலா. பிறகு முன்னால். கலா. இருமல். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பதில் சொல்லவில்லை. திரும்பவில்லை.

பாதி வழியில் அது நின்றுவிட்டது.

அது இன்னும் மோசமாக இருந்தது.

தண்ணீர்த் தொட்டியின் வேலி தெரிந்தது. வேலியோரம் அவர்களுடைய வெள்ளை மைவி கார். மழையில் நனைந்த கண்ணாடிக்குள், ஓட்டுநர் இருக்கையில், அவர். அந்தச் சாய்ந்த தோள், அந்த வழுக்கை. கதவைத் திறந்து உள்ளே விழுந்தாள். சாத்திக்கொண்டாள். முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள்.

"பயந்தே போயிட்டேங்க. அங்க என்னவோ இருக்கு. உங்க குரல்லயே கூப்பிடுது. நீங்க சொன்னப்பவே அழிச்சிருக்கணும். கேமரா அங்கேயே நிக்குது, போனா போவட்டும். எனக்கு எந்தப் படமும் வேணாம். உங்கள அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க. வீட்டுக்குப் போயிருவோம். ஸ்டார்ட் பண்ணுங்க."

கூரையில் மழை கொட்டியது.

"கோவமா?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. இருக்கட்டும். கோபிக்க அவருக்கு உரிமை இருக்கிறது. அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். கச்சாங் பூத்தே பொட்டலம் டாஷ்போர்டின்மேல் பிரித்தபடி கிடந்தது. ஓட்டுநர் பக்கத்துக் கதவு சரியாகச் சாத்தப்படாமல், இடுக்கு வழியே மழை உள்ளே தெறித்துக்கொண்டிருந்தது. மட்கிய இலையின் வாசனை. மூடிக் கிடந்த பெட்டியின் வாசனை.

கோடாலித் தைலம் மட்டும் இல்லை.

மடியில் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் அவருடைய படம். அசைந்ததால் முகம் கலங்கிப்போன, பல் தெரியச் சிரிக்கும் படம்.

அழைப்பது பரமேஸ்வரன்.

அவள் விரல் தானாகத் தொட்டது. காதில் வைத்தாள்.

"எங்க மா இருக்க?" மூச்சிரைத்தது. "நீ கூப்பிட்ட சத்தம் கேட்டு ஓடி வந்தேன். பாதி வழியில காட்டுக்குள்ளருந்து மறுபடியும் கூப்பிட்ட, உள்ள போயும் பாத்தேன், ஆளக் காணோம். டென்ட்டுல கேமரா மட்டும் நிக்குது."

அவள் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கேக்குதா? ஏதாச்சும் பேசு மா."

அவருக்குப் பின்னால், மழைக்குள், தூரத்தில், ஒரு பெண் கத்தினாள். எரிச்சலோடு. தொண்டை உடைய.

"ஏங்க, வெளாட்டு போதும்! வாங்க!"

"ஆ, கேட்டுருச்சு, கேட்டுருச்சு." அவர் நிம்மதியாகச் சிரித்தார். இருமினார். "அங்கேயே நில்லு. கோச்சுக்காத. வரேன்."

போகாதீங்க என்று அவள் சொல்வதற்குள் தொடர்பு அறுந்தது.

அவள் தலையைத் திருப்பவில்லை. கைப்பேசியின் வெளிச்சத்தில், முன் கண்ணாடியில் இரண்டு உருவங்கள் தெரிந்தன. ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது.

மற்றது ஆடவில்லை. அசையவில்லை. கால் மாற்றிப் போடவில்லை. அவள் இத்தனை நாளும் கெஞ்சிக் கேட்டது போலவே உட்கார்ந்திருந்தது. முதல் முறையாக அந்த முகம் கொஞ்சமும் கலங்காமல், ஒவ்வொரு சுருக்கமும் தெரிய, அவ்வளவு தெளிவாக இருந்தது. கண்கள் அவள் மேலேயே இருந்தன.

கண்ணாடியில் மெல்ல மூச்சின் ஆவி படரத் தொடங்கியது.

அவள் பக்கம் மட்டும்.