வெள்ளைப் பூ

கதவருகே தயங்கி நின்றவனைப் பார்த்ததும் கலைமதியின் கையிலிருந்த சாக்பீஸ் உடைந்தது.

அவனேதான்! போட்டோவில் பார்த்த அதே பெரிய கண்கள்... மழையில் நனைந்து வந்திருந்தான். பென்னாகரம் அறிவழகன்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த அந்த வாராந்திர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு அவள்தான் டீச்சர். அவன் புதிதாகச் சேர்ந்த மாணவன். ரொம்ப நல்ல பொருத்தம்!

போன தையில் இவனுக்கு அவளைப் பேசினார்கள். பெண் பார்க்க வருமுன் அவன் வீட்டார் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, அம்மன் கோயிலில் பூப்போட்டுக் கேட்டார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்புதான் வந்தது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து சொந்த ஊரான இண்டூரில் அவள், 'அம்மனே வேண்டாம்னு சொன்ன பொண்ணு'. அதற்கப்புறம் ஒரு வரனும் வாசலை மிதிக்கவில்லை.

"இன்னைக்கு வார்த்தை 'டிசீவ்'. ஏமாத்துறது," என்றாள் பல்லைக் கடித்தபடி. "ஒரு வாக்கியம் சொல்லுங்க. புதுசா வந்தவரே... நீங்கதான் முதல்ல!"

எழுந்தவன் அப்போதுதான் அவளை அடையாளம் கண்டான். "ஐ... ஐ டிசீவ்டு மை மதர்."

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் படிக்கட்டில் அவனை மறித்தாள். "பெத்தவங்களை ஏமாத்துனது பெருமையா?"

"அம்மா கண்ணை மூடி கும்பிட்டுட்டு இருந்தாங்க. பொட்டலத்தைப் பிரிச்சது நான்தாங்க. வந்தது... வெள்ளைப் பூ."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தரகர் என்னை இங்கிலீஷ்ல பொளந்து கட்டுற மேனேஜர்னு உங்க வூட்டுல சொல்லிட்டாரு. நான் ஓசூர்ல மெஷின் ஓட்டுறேங்க. உண்மையச் சொல்ல எங்க மாமா விடல. உங்களை ஏமாத்திக் கட்டிக்க மனசு வரல... சிவப்புன்னுட்டேன்."

"நீங்க நல்லவரா இருக்க நான் கெட்ட பேரு வாங்கணுமா? ஊரு என்னை ராசியில்லாதவங்குது!"

அவன் முகம் செத்துவிட்டது. "சத்தியமா தெரியாதுங்க... இங்கிலீஷ் கத்துக்கிட்டு, நானே வந்து உங்களைக் கேக்கலாம்னு இருந்தேன். எனக்கு உங்களைத்தாங்க பிடிச்சிருக்கு... போட்டோ பாத்த நாள்ல இருந்து."

பாழாய்ப்போன அந்தப் பெரிய கண்கள்... கலங்கி வேறு நின்றன! அவள் கோபம் மட்டும் இறங்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை உங்கம்மாவோட வாங்க. எங்க தெருவுல நின்னு, வெள்ளைப் பூதான் வந்துச்சுன்னு சத்தமா சொல்லுங்க. தமிழ்ல!"

"சொல்றேங்க. ஆனா எனக்கு இங்கிலீஷ் இன்னும்..."

குடையை வெடுக்கென்று விரித்தாள் கலைமதி.

"போட்டோவுல என்ன இங்கிலீஷா தெரிஞ்சுது? உங்க கண்ணுதான தெரிஞ்சுது... அதைப் பாத்துதான் அன்னைக்கே சரின்னு சொன்னேன்!"